ஆணி அடித்த கொல்லைக் கதவு

லீட்ஸ்
4 செப்டம்பர் 1977

அண்ணன் மாலக்கிக்கு,

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து எழுதும் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாகத்தான் இருப்பாய். உனக்கு எப்போதும் எதுவும் ஆனதில்லை.

அம்மாவின் இதயம் பலவீனமாகிவிட்டது என்று பக்கத்து வீட்டு மிசஸ் குவில் எழுதியிருந்தார். நீ எழுதவில்லை. ஜனவரி ஆறாம் தேதி, பெண்களின் கிறிஸ்துமஸுக்கு, நான் கில்மோரனுக்கு வருகிறேன். என் தோழி ஹெஸ்டர் லம்பும் உடன் வருகிறாள். தேவாலயங்களுக்கு மெழுகுவர்த்தி வார்க்கும் பட்டறையில் என்னோடு வேலை செய்பவள். இங்கிலாந்தை விட்டு ஒருநாள்கூட வெளியே போனதில்லை. ஆண்கள் சமைத்துப் பரிமாற, பெண்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் திருநாள் ஒன்று எங்கள் நாட்டில் உண்டு என்று சொன்னேன். "பொய் சொல்லாதடி. அப்படி ஒரு ஊரு இருந்தா நீ ஏன் இங்க வந்து மெழுகு காய்ச்சுற?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

நீ வழக்கறிஞன். நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் பிடிக்கும். 1958 ஜனவரி ஆறு. அம்மா வழக்கம்போல் சல்லடை நிறைய ஓட்ஸ் கொட்டி, அதில் பன்னிரண்டு மெழுகுவர்த்திகளை நட்டாள். அவற்றில் நான்கு நமக்கு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கம்பளி நூலைச் சுற்றினாள். அம்மாவுக்குக் கறுப்பு, உனக்குச் சாம்பல், எனக்குச் சிவப்பு, டெக்லனுக்குப் பச்சை. யாருடைய சுடர் முதலில் போகிறதோ அவர் முதலில் போவார் என்பது கணக்கு. நான் கரி எடுக்கக் கொல்லைக் கதவைத் திறந்தேன். காற்று பாய்ந்தது. "கதவைச் சாத்துடி" என்று அம்மா கத்தினாள். சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் பச்சை நூலுக்கு மேல் சுடர் இல்லை. மார்ச் மாதம் டெக்லன் முகத்துவாரத்தில் படகோடு போனான். அவனுக்கு வயது பத்தொன்பது. அடக்கம் முடிந்த அன்றே அம்மா என் பெட்டியை வாசலில் வைத்தாள். நீ அதைத் தூக்கி வண்டியில் ஏற்றினாய்.

அம்மா இருக்கும்போதே அவளோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். அதற்காகத்தான் வருகிறேன்.

ஃபிடெல்மா


கில்மோரன்
22 செப்டம்பர் 1977

ஃபிடெல்மாவுக்கு,

உன் 4ஆம் தேதிக் கடிதம் 9ஆம் தேதி கிடைக்கப்பெற்றது. என் உடல்நலத்தை நீ விசாரிக்கவில்லை, முன்கூட்டியே தீர்மானித்துவிட்டாய். எனினும் முறைக்காகத் தெரிவிக்கிறேன்: சிறிதளவு இரத்த அழுத்தம் தவிர வேறு குறையில்லை. உன் நலமும் அவ்வாறே இருக்குமென நம்புகிறேன்.

நீ குறிப்பிட்ட பயணத்துக்கு நான் இசைய இயலாது. அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயதாகிறது. மனக்கொந்தளிப்பு எவ்வகையிலும் கூடாதென்பது மருத்துவரின் கட்டளை. மேலும், நீ வந்து பார்க்க விரும்பும் திருநாள் இந்த வீட்டில் இப்போது இல்லை. 1958க்குப் பிறகு இங்கே அந்தச் சல்லடை எடுக்கப்படவில்லை, மெழுகுவர்த்தி ஏற்றப்படவில்லை. கொல்லைக் கதவை அம்மா தம் கையாலேயே ஆணியடித்து மூடிவிட்டார். கரி இன்றும் வாசல் வழியாக, கூடத்தைக் கடந்துதான் சமையலறைக்கு வருகிறது. வேற்றுநாட்டுப் பெண்ணொருத்தி வேடிக்கை பார்ப்பதற்கு இங்கே எதுவும் மிஞ்சவில்லை.

மெழுகுவர்த்தி அணைவதால் எவரும் இறப்பதில்லை என்பது என் தெளிவான கருத்து. அம்மாவின் கருத்து அதுவன்று. அவரது நம்பிக்கையை வாதத்தால் அசைக்க நான் முயன்றதில்லை, இனியும் முயலப்போவதில்லை. கதவைத் திறந்தது யார் என்பதில் எந்தத் தரப்பிலும் ஐயமில்லை. அதை மறுபடி கிளறுவதால் பயனடையப்போவது யார் என்று நீயே யோசித்துப் பார்.

வீடு 1961 முதல் என் பெயரில் இருக்கிறது என்பதையும் நினைவூட்ட வேண்டியவனாகிறேன்.

மாலக்கி டாங்னி


லீட்ஸ்
1 அக்டோபர் 1977

மாலக்கிக்கு,

எனக்கு ஜலதோஷம், உனக்கு இரத்த அழுத்தம். நலம் விசாரிப்பு முடிந்தது.

உன் கடிதத்தை ஹெஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். "இவன் உனக்கு அண்ணனா, இல்ல வாடகைக்கு விட்டவனா?" என்றாள். பிறகு வேறொரு கேள்வி கேட்டாள். அவளுக்கு முப்பது வருடமாக மெழுகோடுதான் பிழைப்பு, எது கேட்டாலும் அதில்தான் கேட்பாள்.

"காத்து அடிச்சு அணைஞ்சா மிச்சம் நிக்கணுமேடி. பாதிக் கம்பாவது நிக்கும். உன் தம்பியோடது நின்னுச்சா?"

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். நிற்கவில்லை. ஓட்ஸின் மேல் பச்சை நூல் வட்டமாகக் கிடந்தது. அதற்குள் பிஸ்கட் அளவுக்கு உறைந்த மெழுகு. அவ்வளவுதான். இருபது வருடமாக அந்தக் காட்சி என் கண்ணிலேயே இருக்கிறது, ஆனால் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"அப்ப காத்து அணைக்கல," என்றாள் ஹெஸ்டர். "முழுசா எரிஞ்சு முடிஞ்சிருக்கு. நீ கதவத் தொறந்தாலும் முடிஞ்சிருக்கும், தொறக்காட்டியும் முடிஞ்சிருக்கும். உன்ன எதுக்குடி துரத்துனாங்க?"

அந்தக் கேள்வியை உனக்கு அனுப்புகிறேன். அம்மா குளிரில் வெளியே போகாமல் பார்த்துக்கொள்.

ஃபிடெல்மா


கில்மோரன்
5 அக்டோபர் 1977

ஃபிடெல்மாவுக்கு,

ஜலதோஷத்துக்கு வெந்நீரில் ஆவி பிடிப்பது நல்லது. அம்மா வெளியே செல்வதில்லை.

உன் தோழியின் வாதம் சட்டத்தின் முன் ஒரு நிமிடமும் நிற்காது. முதலாவதாக, அது இருபதாண்டுப் பழமையான நினைவை மட்டுமே ஆதாரமாகக் கொண்டது. அந்த நினைவுக்குச் சொந்தக்காரி இந்த விவகாரத்தில் நேரடி நலன் உள்ளவள். அன்று அறையில் மின்விளக்கு அணைக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு சுடர்களின் வெளிச்சத்தில் எது மெழுகு, எது நிழல் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. மேலும், அணைந்த மெழுகுவர்த்தியின் மிச்சம் பின்னர் சாய்ந்து விழுந்திருக்கலாம், அல்லது அம்மாவே எடுத்திருக்கலாம். அவ்வறையில் ஒழுங்கான ஆய்வு எதுவும் அப்போது நடத்தப்படவில்லை. நீ கதவைத் திறந்த நேரத்தில் எல்லோருடைய பார்வையும் உன் பக்கமே இருந்தது. மேசைக்கு அருகில் அப்போது எவரும் இல்லை. மெழுகுவர்த்திகளை எவரும் தொடவில்லை. ஆகவே காற்றைத் தவிர வேறு காரணத்தைத் தேடுவதற்கு இடமே இல்லை.

இந்தக் கேள்வியை அம்மாவுக்கு நேரடியாகவோ மிசஸ் குவில் மூலமாகவோ எழுப்பக் கூடாது என்று உன்னைக் கண்டிப்புடன் எச்சரிக்கிறேன்.

மாலக்கி


லீட்ஸ்
14 அக்டோபர் 1977

மாலக்கிக்கு,

ஆவி பிடித்தேன். சரியாகிவிட்டது. உனக்கு எப்படி இருக்கிறது என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன், ஏனென்றால் உன் கடிதம் உடம்பு சரியில்லாதவன் எழுதியதுபோல் இருந்தது.

முதல் கடிதத்துக்குப் பதில் எழுதப் பதின்மூன்று நாள் எடுத்துக்கொண்டாய். இதற்குக் கிடைத்த அன்றே எழுதியிருக்கிறாய். மேசைக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மெழுகுவர்த்திகளை யாராவது தொட்டார்களா என்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே என்று உன் கட்சிக்காரர்களுக்கு நீயே சொல்லிக்கொடுப்பாய்.

ஹெஸ்டர் அடுப்படியில் நின்றுகொண்டு, "முதல்லயே எது ஒழுகுச்சு, யோசி. ஒழுகுறதுதான் சீக்கிரம் முடியும்" என்றாள். யோசித்தேன். ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்னோடது ஒரு பக்கமா ஒழுகுதே" என்றாய். டெக்லன் வாய் நிறைய கேக்கோடு சிரித்தான். "கவலப்படாத அண்ணே, வக்கீலுக்கு மேல போனாலும் வாய்தா கெடைக்கும்." அம்மா அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். நீ சிரிக்கவில்லை.

ஒழுகியது உன்னுடையது, மாலக்கி. சாம்பல் நூல் சுற்றியது. முடிந்தபோது மட்டும் அதன் அடியில் பச்சை நூல் கிடந்தது. அம்மா நூலை முடிச்சுப் போடுவதில்லை, முடிச்சுப் போட்டால் ஆயுளைக் கட்டியதுபோல் ஆகும் என்பாள். சுற்றி வைப்பாள், அவ்வளவுதான். இரண்டு விரலால் எடுத்து இடம் மாற்றிவிடலாம், எல்லோரும் கதவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும்போது.

இப்போது கேட்கிறேன். மேசைக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

நான் உட்கார மட்டும் வருவதாக எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அம்மா இது தெரியாமல் போகக் கூடாது. நீயே சொல்.

ஃபிடெல்மா


லீட்ஸ்
27 நவம்பர் 1977

மாலக்கிக்கு,

ஆறு வாரங்களாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உயிரோடு இருக்கிறாய் என்று மிசஸ் குவில் எழுதினார். "வக்கீலய்யா இப்பல்லாம் சாயங்காலம் ஆபீஸ்லயே உக்காந்துக்கிறாரு, வீட்டுக்கு வர்றதுக்கே மனசில்ல" என்று எழுதியிருந்தார்.

கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டோம். ஜனவரி நான்காம் தேதி லிவர்பூலில் ஏறுகிறோம். டப்ளினிலிருந்து ரயில். ஹெஸ்டர் புதுத் தொப்பி வாங்கியிருக்கிறாள். "ஆம்பள கையால டீ வாங்கிக் குடிக்கப் போறேன், கந்தலாவா போறது?" என்கிறாள்.

அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா?

ஃபிடெல்மா


கில்மோரன்
9 டிசம்பர் 1977

ஃபிடெல்மாவுக்கு,

கால் வீக்கம் வடிந்துவிட்டது. பசி குறைவு. நான் நலம்.

நீண்ட நாள் பதிலிறுக்காததற்கு அலுவலே காரணம். உன் 14 அக்டோபர் கடிதத்தில் கண்ட ஊகங்களை நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவை பதிலுக்கு உரியவை அல்ல என்பது மட்டுமே என் நிலை.

ஆனால் உன் வருகை குறித்து அம்மாவின் விருப்பத்தை அறிந்து தெரிவிப்பது என் கடமை. கடந்த ஞாயிறன்று, மிசஸ் குவில் உடனிருக்க, அவரிடம் கேட்டேன். அவர் கூறிய சொற்களை அவ்வாறே தருகிறேன்: "கதவத் தொறந்தவ இந்த வீட்டுக்குள்ள கால் வெக்க வேணாம்."

இதற்குமேல் நான் சேர்க்க எதுவுமில்லை. சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடு. இதை மீறி நீங்கள் இருவரும் வாசலில் வந்து நின்றால், காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இராது. அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதே.

பனிக்காலம். உடம்பைக் கவனித்துக்கொள்.

மாலக்கி


லீட்ஸ்
19 டிசம்பர் 1977

வக்கீல் டாங்னி ஐயாவுக்கு,

என் பேர் ஹெஸ்டர் லம்ப். நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேட்க எனக்கு மனசு வரல, மன்னிச்சுக்கோங்க. நான் எழுதுறது ஃபிடெல்மாவுக்குத் தெரியாது.

உங்க கடிதத்தப் படிச்சிட்டு அவ சீட்டத் திருப்பிக் குடுக்கக் கிளம்பிட்டா. கோட்டக்கூடப் போட்டுட்டா. அப்பத்தான் மிசஸ் குவில் அனுப்புன கிறிஸ்துமஸ் அட்டை வந்துச்சு. அதுல உங்கம்மா சொன்னது முழுசா இருந்துச்சு. "கதவத் தொறந்தவ இந்த வீட்டுக்குள்ள கால் வெக்க வேணாம்னு அன்னிக்குச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. வரச் சொல்லு." நீங்க பொய் எழுதல. உங்கம்மா சொன்னதுல பாதியத்தான் எழுதுனீங்க. ஒரு ஆளப் பாதியில வெட்டிட்டு, மேல்பாதி நல்லாத்தான் இருக்குன்னு காட்டுற மாதிரி.

ஒண்ணு சொல்றேன். பதினெட்டு வருஷமா நானும் அவளும் ஒரே பட்டறை, ஒரே வீடு. மெழுகுவத்தி எரியிற அறையில அவ கதவத் தொறக்க மாட்டா. வேலைக்காகக்கூட. "ஹெஸ்டர், நீ தொற" அப்படிம்பா. பட்டறையில எல்லாரும் கேலி பண்ணுவாங்க, மகாராணிக்குக் கதவு தொறக்கணுமாம்னு. எனக்கு இந்த செப்டம்பர் வரைக்கும் காரணம் தெரியாது.

இதோட பன்னெண்டு மெழுகுவத்தி அனுப்பியிருக்கேன். என் கையால வார்த்தது. ஒரே மெழுகு, ஒரே திரி, ஒரே நீளம். அளந்து பாருங்க, நீங்க அளக்கிற ஆளுதானே. இதுல எதுவும் ஒழுகாது. யாரும் பயப்பட வேண்டியதில்ல, நீங்களும்தான்.

ஜனவரி ஆறாந்தேதி வர்றோம். போலீசக் கூப்பிடுறதுன்னா ஒரு கப் சேர்த்து வெச்சிருங்க.

ஹெஸ்டர் லம்ப்


லீட்ஸ்
11 ஜனவரி 1978

மாலக்கிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். கடல் மோசம். ஹெஸ்டருக்கு வழியெல்லாம் வாந்தி.

காவல் நிலையத்திலிருந்து யாரும் வரவில்லை. நீதான் கதவைத் திறந்தாய், அம்மாவின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு. ரொட்டி கருகியிருந்தது, ஹாம் உப்பாக இருந்தது. ஹெஸ்டர் இரண்டையும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். மிசஸ் குவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "வக்கீலய்யா, இந்தப் பக்கம் சர்க்கரை வரல" என்று உன்னை நாலு தரம் நடக்கவிட்டார். வேறொரு வருடமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அம்மா இவ்வளவு சிறியவளாக ஆகிவிடுவாள் என்று நான் நினைக்கவில்லை. சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு அவளே நட்டாள், அவளே நூல் சுற்றினாள். பச்சை நூல் வைக்கவில்லை. உன்னை ஏற்றச் சொன்னாள். மூன்று தீக்குச்சி வீணாயிற்று. நானே சொல்லியிருக்கலாம். ஆனால் நீயே சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தேன். பன்னிரண்டு மெழுகுவர்த்தி எரியும் நேரம் முழுவதும் காத்திருந்தேன்.

அப்போதுதான் அம்மா என் கையைப் பிடித்தாள். "உன்ன மன்னிச்சிட்டேன்டி. நீ வேணும்னு தொறக்கல. சின்னப் பொண்ணு, குளிருது, கரி எடுக்கப் போன. போகட்டும். சாப்பிடு."

நான் செய்யாத ஒன்றுக்கு, நீ தேநீர்க் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, எனக்கு மன்னிப்புக் கிடைத்தது. குடுவையின் மூடி ஆடிக்கொண்டே இருந்தது. நான் உன்னைப் பார்த்தேன். ஹெஸ்டர் உன்னைப் பார்த்தாள். நீ வாயைத் திறந்தாய். "பால் வேணுமா?" என்றாய்.

சுடர்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நிமிடத்துக்குள் அடங்கின. "என்ன, எல்லாரும் ஒரே வண்டியிலயா போறோம்?" என்று அம்மா சிரித்தாள். மறுநாள் காலை நான் உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். சொல்ல வேண்டியது என் பக்கம் எதுவும் இல்லை.

மன்னிப்பு வாங்க நான் வரவில்லை, மாலக்கி. அம்மா இதோடு போய்விட்டால், நான் மன்னிக்கப்பட்டவளாகவே மிஞ்சிப்போவேன். அதற்குத் துரத்தப்பட்டவளாக இருந்ததே மேல். இனி உனக்கு எழுத மாட்டேன்.

ஃபிடெல்மா


கில்மோரன்
30 ஜனவரி 1978

ஃபிடெல்மாவுக்கு,

மிஸ் லம்பின் உடல்நிலை தேறியிருக்கும் என்று நம்புகிறேன். அம்மா உயிருடன் இருக்கிறார் என்பதை முதலில் தெரிவிக்கிறேன், நீ முதலில் தேடப்போவது அதைத்தான் என்பதால்.

கீழே எழுதுவது என் வாக்குமூலம். எவருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதுகிறேன். நீ விரும்பியபடி பயன்படுத்தலாம்.

1957 டிசம்பர் நடுவில், கார்க் நகர மருத்துவர் ஒருவர் என் நுரையீரலில் நிழல் தெரிவதாகக் கூறினார். ஒரு மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே படமெடுக்க வேண்டும் என்றார். வீட்டில் எவரிடமும் கூறவில்லை. ஜனவரி ஆறன்று என் மெழுகுவர்த்தி ஒழுகத் தொடங்கியது. டெக்லன் கேலி செய்தான். சிறிது நேரத்தில் அது ஏறக்குறைய அடிவரை இறங்கிவிட்டது. நீ கதவைத் திறந்தாய். எல்லோரும் உன் பக்கம் திரும்பினார்கள். நான் சாம்பல் நூலை எடுத்து டெக்லனுடையதன் அடியில் வைத்தேன், அவனுடைய பச்சை நூலை என்னுடையதன் அடியில் வைத்தேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று அப்போதே எனக்குள் கூறிக்கொண்டேன். நம்பிக்கை இல்லாதவன் ஏன் மாற்றினான் என்ற குறுக்கு விசாரணையை இன்றுவரை எனக்கு நானே நடத்திவருகிறேன். ஜனவரி 20ஆம் தேதி எடுத்த படத்தில் நிழல் இல்லை. மார்ச்சில் டெக்லன் போனான்.

எந்த நீதிமன்றமும் இதை ஒரு குற்றமாக ஏற்காது. ஏற்காது என்பதாலேயே இதிலிருந்து என்னை விடுவிக்கவும் நீதிமன்றம் இல்லை. ஆனால் உன் பெட்டியை வண்டியில் ஏற்றியது வேறு. அதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

உன் கடிதம் 15ஆம் தேதி ஞாயிறு காலை, பூசைக்குப் பிறகு மிசஸ் குவில் மூலமாக என் கைக்கு வந்தது. அஞ்சலகத்தில் சனிக்கிழமையே வந்து கிடந்ததாம். மதியம் அம்மாவிடம் கூறினேன். அவர் சமையலறையில் அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்."

"டாக்டர் ஏதாவது சொன்னானா?"

"இல்ல. மெழுகுவத்தி பத்தி."

முழுவதும் கேட்டார். நான் முடித்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கையால எடுத்த?"

"வலது கை."

"அதே கையாலதான் அவ பெட்டியத் தூக்குன."

"ஆமாம்மா."

"அவ பத்து நாளைக்கு முன்னால இங்க உக்காந்திருந்தா. நான் அவள மன்னிச்சேன். நீ பால் வேணுமான்னு கேட்ட."

பிறகு அவர் கொல்லைக் கதவைக் காட்டினார்.

"ஆணியப் புடுங்கு."

தச்சரைத் திங்களன்று வரச் சொல்வதாகக் கூறினேன். "தச்சன் அடிக்கல. நான் அடிச்சேன். நீ புடுங்கு" என்றார். பதினொரு ஆணிகள். துருவேறி இறுகியிருந்தன. இருட்டுவதற்குள் பிடுங்கி முடித்தேன். கதவு வீங்கிப்போயிருந்தது, தோளால் இடித்துத் திறக்க வேண்டியிருந்தது. சாத்தப்போனபோது தடுத்தார். "தொறந்தே கெடக்கட்டும்."

அன்றிலிருந்து திறந்தே கிடக்கிறது. அம்மா இரண்டு சால்வைகளைப் போர்த்துக்கொண்டு பகல் முழுவதும் அந்தக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். என்னுடன் பேசுவதில்லை. என் கையால் தேநீர் வாங்குவதில்லை. மிசஸ் குவில்தான் காலையும் மாலையும் வந்து கொடுக்கிறார். "கோப்பைய அங்க வெச்சிட்டு நகருங்க வக்கீலய்யா, நீங்க நின்னா அவங்க குடிக்க மாட்டாங்க" என்கிறார். மருத்துவர் வந்து கதவை மூடச் சொன்னார். அம்மா அவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். பதினைந்து நாட்களில் அவர் என்னிடம் பேசியது அப்போது மட்டுமே: "என் சார்பா நீ ஒண்ணும் எழுதாத. நீ எழுதுனா பாதிதான் போகும். இத மட்டும் உள்ள போடு."

அவரது ஜெபப் புத்தகத்தில் இருந்த பச்சை நூலை இத்துடன் வைத்திருக்கிறேன். அது இருபது ஆண்டுகளாக அங்கே இருந்ததென்று எனக்குத் தெரியாது.

மேலங்கியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். மை உறையவில்லை, ஆனால் விரல்கள் மரத்துவிட்டன. எழுத்து சீராக இல்லாததற்கு அதுவே காரணம்.

மாலக்கி


லீட்ஸ்
8 பிப்ரவரி 1978

மாலக்கிக்கு,

எழுத மாட்டேன் என்றேன். இது கடிதமில்லை.

நூல் கிடைத்தது. உன் வாக்குமூலத்தை ஹெஸ்டர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தாள். "முழுசா எழுதியிருக்கான்" என்றாள். நேற்று இரண்டு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தபோது நான் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தேன். அவள் தையலிலிருந்து தலை நிமிரவில்லை.

உன்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பு எப்படி இருக்கும் என்று ஜனவரி ஆறில் பார்த்துவிட்டேன், அதை உனக்குக்கூடச் செய்ய மாட்டேன்.

ஈஸ்டருக்கு அம்மாவைப் பார்க்க வருகிறேன். கொல்லை வழியாக வருவேன், அவளிடம் சொல். அவள் உன்னோடு பேசாவிட்டால் மிசஸ் குவிலை விட்டுச் சொல்.

அதுவரை கதவைச் சாத்து. அம்மாவுக்குக் குளிர் ஆகாது. உனக்காகச் சொல்லவில்லை.

ஃபிடெல்மா